செவலை கீழே இறங்க நாலு மாசம் ஆச்சு! சிங்கப்பூர் அடுக்குமாடியில் ஒரு பூனையின் பயணம்

வீட்டு வாசலில் இருந்து மின்தூக்கி வரை எட்டு வீடுகள். செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடந்தாலும் ஒரு நிமிடத்தில் போய்விடலாம். செவலைக்கு அந்தத் தூரத்தைக் கடக்க மூன்று மாதங்கள் ஆயின. அங்கிருந்து ஒன்பது மாடி இறங்கித் தரையில் கால் வைக்க இன்னொரு மாதம்.

செவலை ஒரு பூனை. செம்மண் நிறம், வாலில் வளையம் வளையமாகக் கோடு, வயது ஆறு. ஊரில் மாட்டுக்கு வைக்கிற பெயரைப் பூனைக்கு வைத்தவர் வீட்டுக்காரர். திருவாரூர்ப் பக்கத்து ஆள். சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்து பதினைந்து வருடமாகிறது. மனைவி, தொடக்கப்பள்ளியில் படிக்கும் மகள், செவலை என நான்கு பேர் இருக்கும் வீடு அது. நான்காவது ஆளைப் பற்றி ஆறு வருடமாக வெளியில் மூச்சு விடவில்லை.

வீடு இருப்பது சிங்கப்பூரின் வடக்கே, ஈசூனில். அன்னாசி, ரப்பர் வியாபாரத்தில் பெரும்புள்ளியாக இருந்த லிம் நீ சூன் என்பவரின் பெயர்தான் சீன உச்சரிப்பு மாறி ஈசூன் ஆனது. நம்மவர்களுக்கும் அந்த வட்டாரத்தோடு பழைய உறவு உண்டு. பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த இந்தியத் தொழிலாளர்கள் மரத்தடியில் கும்பிட்ட முருகன், இன்று புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியராக ஈசூனில் கோயில் கொண்டிருக்கிறார். பங்குனி உத்திரத்துக்கு அங்கே காவடி எடுக்கும் கூட்டத்தைப் பார்த்தால் ஊர் ஞாபகம் வந்துவிடும்.

சிங்கப்பூர்வாசிகளில் பத்தில் ஏறக்குறைய எட்டுப் பேர் அரசு கட்டிய அடுக்குமாடிகளில்தான் வசிக்கிறார்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் என்பதைச் சுருக்கி 'வீவக வீடு' என்பார்கள். அந்த வீடுகளில் ஒரு சிறிய நாய் வளர்க்கலாம். மீன் வளர்க்கலாம், முயல் வளர்க்கலாம். பூனைக்கு மட்டும் 1989-லிருந்து தடை. பூனையை வீட்டுக்குள் அடக்கி வைக்க முடியாது, அலைந்து திரிந்து முடி உதிர்க்கும், பொது இடத்தை அசுத்தம் செய்யும், கத்தும் என்பவை கழகம் சொன்ன காரணங்கள். அதற்காகப் பூனை வளர்க்காமல் யாரும் இருந்துவிடவில்லை. சத்தமில்லாமல் வளர்த்தார்கள்.

இந்த வீட்டிலும் அப்படித்தான். 2018-ல் ஒரு மழை ராத்திரி, கீழ்த்தளத்துத் தூண் ஓரம் உள்ளங்கை அளவில் நனைந்து கிடந்த குட்டியைச் சட்டைப் பைக்குள் போட்டு மேலே கொண்டுவந்தார் அப்பா. "மழை விட்டதும் விட்டுடுவோம்னுதான் சொன்னார்" என்று சிரிக்கிறார் அம்மா. அந்த மழை இன்னும் விடவில்லை போலிருக்கிறது.

அதற்குப் பிறகு வாசல் மணி அடித்தால் அந்த வீட்டில் ஒரு சிறிய யுத்தமே நடக்கும். அம்மா தீனிக் கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டிக்கு அடியில் தள்ளுவார். அப்பா மணல் தட்டைத் தூக்கிக் குளியலறைக் கதவுக்குப் பின்னால் வைப்பார். மகள் பூனையை வாரி எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குள் ஓடிக் கதவைச் சாத்துவாள். தபால்காரராக இருந்தாலும் சரி, குழாய் பழுதுபார்க்க வந்தவராக இருந்தாலும் சரி, இதேதான். ஒரு வருடத்தில் செவலை கற்றுக்கொண்டது. மணி அடித்ததும் யாரும் தூக்கத் தேவையில்லாமல் தானே கட்டிலுக்கு அடியில் போய்ப் பதுங்கியது. வீட்டில் எல்லோருக்கும் அதில் பெருமை வேறு. 'என்ன அறிவு பாருங்க' என்பார்களாம்.

சட்டம் மாறியபோதுதான் அந்த அறிவின் விலை தெரிந்தது.

2024 செப்டம்பர் 1 முதல் வீவக வீடுகளில் இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம் என்று அனுமதி வந்தது. 35 வருடத் தடை நீங்கியது. அதற்கு முன்னோட்டம்கூட இதே ஈசூன் வட்டாரத்தில், சோங் பாங்கில்தான் நடந்தது. 2012-ல் அங்கே மட்டும் பூனை வளர்க்கச் சோதனை முறையில் அனுமதித்தார்கள். அந்தத் தொகுதியின் எம்.பி. நம்மவர்தான், அமைச்சர் கா. சண்முகம். இந்தக் குடும்பம் இருக்கும் புளோக் அந்த எல்லைக்குள் வராததால், பக்கத்துத் தெருப் பூனைகள் சட்டப்படி வாழ, செவலை கட்டிலுக்கு அடியிலேயே வாழ்ந்தது.

புதிய விதிப்படி பூனைக்குத் தோள்பட்டைகளுக்கு நடுவே அரிசி மணி அளவில் ஒரு மைக்ரோசிப் வைக்க வேண்டும். உரிமம் எடுக்க வேண்டும். ஜன்னலிலிருந்து விழாமலும் வெளியே ஓடாமலும் இருக்க வலை அடிக்க வேண்டும். வெளியே கொண்டுபோனால் கூண்டிலோ கயிற்றிலோ கட்டுப்பாட்டில் வைத்திருக்க வேண்டும். இடைக்காலமாக 2026 ஆகஸ்ட் 31 வரை அவகாசம் கொடுத்திருந்தார்கள். இந்த வீட்டில் அவ்வளவு நாள் காத்திருக்கவில்லை. முதல் மாதமே சிப் வைத்து, உரிமத்தை எடுத்து, கைப்பேசியில் படம்பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டார்கள்.

கயிறு கட்டி நடக்கவைக்கும் யோசனை மகளுடையது. அவள் கேட்ட கேள்வி எளிது. "லைசென்ஸ் வந்துடுச்சுல்ல, இனிமே செவலை ஏன் ஒளியணும்?"

நவம்பர் கடைசியில், பள்ளி விடுமுறையில், இணையத்தில் ஒரு ஹார்னஸ் வாங்கினார்கள். கழுத்தையும் மார்பையும் சுற்றி வந்து முதுகில் கொக்கி மாட்டும் பட்டை. நாய்க்குப் போடுவதுபோல் கழுத்துப் பட்டையில் மட்டும் கயிறு கட்டினால் பூனைக்குத் தொண்டை இறுகும், தலையை உருவிக்கொண்டும் போய்விடும். அதனால்தான் ஹார்னஸ். அது வந்த அன்றே மாட்டினார்கள். செவலை நின்ற இடத்திலேயே பக்கவாட்டில் சரிந்தது. எலும்பையெல்லாம் யாரோ உருவிவிட்டது போலக் கிடந்தது. மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

இப்படிச் சரியும் பூனைகளின் வீடியோக்களை இணையத்தில் பார்த்திராதவர்கள் குறைவு. உண்மையில் அது சிரிக்கிற விஷயமில்லை. உடம்பில் திடீரென்று ஒன்று இறுகிப் பிடித்தால், தப்ப வழியில்லை என்று நினைக்கும் பூனை அசையாமல் கிடக்கும். பயம்தான் அது, வேறு உருவத்தில். காதைப் பின்னால் மடித்து, கண்மணி விரிந்து, வயிறு தரையில் ஒட்ட நடப்பதும் அதே பயம்தான். இது எதுவும் அப்போது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. இரண்டு நாள் போட்டால் பழகிவிடும் என்று நினைத்தார்கள்.

மூன்றாவது நாள் சனிக்கிழமை. மகள் ஹார்னஸை மாட்டி, செவலையைத் தூக்கிக்கொண்டு தாழ்வாரத்துக்கு வந்து தரையில் விட்டாள். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு இரும்பு கேட் படீரென்று சாத்தியது. செவலை உள்ளே ஓடப் பார்த்தது. அவள் பயந்துபோய்க் கயிற்றை இழுத்தாள். இழுத்த திசைக்கு எதிராகப் பூனை பின்னாலேயே நகர்ந்து, முன்னங்கால்களை ஒடுக்கி, ஒரு நொடியில் ஹார்னஸை உருவிவிட்டது. பூனையின் காறை எலும்பு மிகச் சிறியது. நமக்கு இருப்பதுபோல் மற்ற எலும்புகளோடு பிணைந்தும் இருக்காது. தலை நுழைகிற சந்தில் உடம்பும் நுழைவது அதனால்தான். அவள் கையில் வெறும் பட்டை தொங்கியது. செவலை படிக்கட்டில் ஏறி மறைந்தது.

ஆறு மணி நேரம். பகல் இரண்டு மணியிலிருந்து இரவு எட்டு வரை.

ஈசூனில் பூனை காணாமல்போவது சின்ன விஷயமில்லை. 2015, 2016-ல் இந்த வட்டாரத்தில் தெருப் பூனைகள் அடுத்தடுத்துக் கொல்லப்பட்டுக் கிடந்த செய்திகள் சிங்கப்பூரையே உலுக்கின. மாடியிலிருந்து ஒரு பூனையை ஒருவர் தூக்கி எறிந்த சம்பவமும் நடந்தது. அந்தச் செய்திகள் எல்லாம் அன்றைக்கு அம்மாவின் தலைக்குள் திரும்பவும் ஓடின. வாய்விட்டுக் கூப்பிடத் தயக்கம். உரிமம் இருந்தாலும் ஆறு வருடப் பழக்கம் குரலை எழும்ப விடவில்லை. கடைசியில் மகள்தான் தாழ்வாரத்தில் நின்று "செவலை!" என்று அழுதுகொண்டே கத்தினாள். கதவுகள் திறந்தன.

எதிர்க் கோடியில் இருக்கும் சீன ஆன்ட்டி டார்ச்சோடு வந்தார். மேல் மாடியிலிருந்து இரண்டு பையன்கள் வந்தார்கள். மூன்றாவது வீட்டு மலாய் மக்சிக், அதாவது நம்மூரில் அத்தை, சித்தி என்பதுபோல் மூத்த பெண்களை மலாய்க்காரர்கள் அழைக்கும் முறை, ஒரு டப்பாவில் நெத்திலிக் கருவாட்டைப் போட்டுக் குலுக்கிக்கொண்டே மாடி மாடியாக ஏறினார். பன்னிரண்டாவது மாடியில், யாரோ வெளியில் போட்டிருந்த செருப்பு அலமாரிக்குப் பின்னால் இரண்டு கண்கள் மின்னின. துண்டில் சுற்றித்தான் தூக்கிவர முடிந்தது.

அம்மா மக்சிக்கிடம் மன்னிப்புக் கேட்கிற குரலில், "எங்ககிட்ட பூனை இருக்கிறதை உங்ககிட்ட சொல்லலை" என்றார். "ஆறு வருஷமா தெரியுமே! ராத்திரி ஜன்னல்ல உட்கார்ந்து கத்தும். எங்க வீட்டுலயும் ஒண்ணு இருந்தது, போன வருஷம்தான் செத்துப்போச்சு" என்றாராம் அவர். சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே ரகசியத்தை வைத்துக்கொண்டு, தாழ்வாரத்தில் பார்க்கும்போதெல்லாம் மழை, வெயில் பற்றிப் பேசியிருக்கிறார்கள்.

செவலை மூன்று நாள் கட்டிலுக்கு அடியிலிருந்து வரவில்லை. அம்மா ஹார்னஸை அலமாரி உச்சியில் தூக்கிப் போட்டார். "நடந்தது போதும்."

ஜனவரியில் பொங்கலுக்கு அப்பாயி வந்தார். அப்பாவின் அம்மா. வயது அறுபத்தெட்டு. வாழ்நாளெல்லாம் மாட்டோடு புழங்கியவர். வந்த முதல் நாளே கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்து, "இதுக்கா செவலைன்னு பேரு வச்சீங்க?" என்றார். கயிறு கட்டிய கதையைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "பூனைக்குக் கயிறா? ஊருல சொன்னா கைகொட்டிச் சிரிப்பாங்க."

பொங்கல் சமயத்தில் லிட்டில் இந்தியாவில் நிஜ மாடுகளைக் கொண்டுவந்து கட்டி வைப்பார்கள். மாட்டைக் கண்ணால் பார்த்திராத சிங்கப்பூர்ப் பிள்ளைகள் வரிசையில் நின்று தடவிப் பார்ப்பார்கள். அங்கே ஒரு கன்று கயிற்றை எதிர்த்து நான்கு காலையும் ஊன்றி நிற்க, ஒரு சிறுவன் அதை இழுத்துக்கொண்டிருந்தான். அப்பாயி பேத்தியிடம் சொன்னார். "இழுத்தா அது பின்னாலதான் போகும். கன்னுக்குட்டிக்கு நாங்க மொதல்ல கழுத்துல கயித்தைப் போட்டுட்டு அப்படியே விட்டுருவோம். ரெண்டு நாள் அதோடயே திரியும். அப்புறம் புடிப்போம். அப்பவும் இழுக்க மாட்டோம். அது நின்னா நாமளும் நிக்கணும்."

பேத்தி கேட்டாள். "அப்பாயி, செவலைக்கும் அப்படிச் செய்யலாமா?"

பூனையும் மாடும் ஒன்றில்லை. ஆனாலும் தடுப்பூசிக்குப் போனபோது கால்நடை மருத்துவர் சொன்னதும் ஏறக்குறைய அதுதான். முதலில் அது பட்டையைப் பார்த்துப் பயப்படாமல் இருக்கட்டும், பிறகு போடுங்கள். அது விரும்பாவிட்டால் விட்டுவிடுங்கள், எல்லாப் பூனையும் வெளியே நடக்க வேண்டும் என்று சட்டமில்லை என்றார். நெத்திலிக்கு மட்டும் தடை போட்டார். உப்பு கூடாது. உப்பில்லாமல் வேகவைத்த கோழியைச் சின்னச் சின்னதாகப் பிய்த்துக் கொடுக்கச் சொன்னார். அப்பாயிக்கு அது பிடிக்கவில்லை. பூனை என்றால் மீன்தான் அவருக்கு. ஆனாலும் கோழியைப் பிய்த்தார்.

பழைய ஹார்னஸைத் தூக்கிப் போட்டுவிட்டு, மேல்சட்டை போல உடம்பைச் சுற்றிப் பிடிக்கும் அகலமான ஒன்றை வாங்கினார்கள். உருவிக்கொண்டு வருவது இதில் கடினம். முற்றிலும் முடியாது என்று சொல்லிவிட முடியாது. முதல் வாரம் அதைச் செவலைக்குப் போடவே இல்லை. தீனிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தது. செவலை மோந்து பார்த்தது, சுற்றிப் போனது, ஐந்தாம் நாள் அதன் மேலேயே படுத்துத் தூங்கியது. அடுத்த வாரம் முதுகில் சும்மா போர்த்தி எடுத்தார்கள். போர்த்தினால் ஒரு துண்டுக் கோழி. எடுத்தால் ஒன்றுமில்லை. பிறகு கொக்கி மாட்டும் சத்தம். 'கிளிக்' என்ற அந்தச் சத்தமே அதற்கு ஆகவில்லை. அதனால் அப்பாயி கையில் கொக்கியை வைத்துக்கொண்டு டிவி சீரியல் பார்க்கும் நேரமெல்லாம் 'கிளிக், கிளிக்' என்று மாட்டிக் கழற்றிக்கொண்டே இருந்தார். செவலைக்குப் பழகியது. அப்பாவுக்குத்தான் தலைவலி வந்தது.

மாட்டிய பட்டைக்கும் உடம்புக்கும் நடுவில் ஒரு விரல், அதிகம் போனால் இரண்டு விரல் நுழைய வேண்டும். தளர்ந்தால் உருவும், இறுகினால் சரியும். முதலில் பத்து நொடி, பிறகு அரை நிமிடம், பிறகு ஒரு வேளைச் சாப்பாடு முடியும்வரை. சரிந்து விழவில்லை. கொஞ்சம் குடிகாரன் நடை நடந்தது, அவ்வளவுதான். அதன் பின்பே கயிறு. வீட்டுக்குள் கயிறு தரையில் இழுபட நடக்கவிட்டார்கள், கண்ணெதிரில் மட்டும். நாற்காலிக் காலில் சிக்கினால் அதுவே ஒரு பயமாகிவிடும். கையில் பிடிக்கும்போது அப்பாயி வைத்த விதி ஒன்றே ஒன்று. "தொட்டில் சேலை மாதிரி தொய்ஞ்சு இருக்கணும். கயிறு நேராச்சுன்னா தப்பு உன் மேல."

கயிறு பழகிவிட்டது. வாசல் பழகவில்லை. ஹார்னஸை விடப் பெரிய சிக்கல் அந்த மணிதான். ஆறு வருடம் எல்லோரும் சேர்ந்து கற்றுக்கொடுத்த பாடம் அது. அதை அழிக்க அம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். தினமும் மாலை மகள் வெளியே போய் மணியை அடிப்பாள். உள்ளே யாரும் அசைய மாட்டார்கள். கிண்ணத்தை ஒளிக்க மாட்டார்கள், ஓட மாட்டார்கள். அம்மா கூடத்தின் நடுவில் உட்கார்ந்து ஒரு துண்டுக் கோழியைத் தரையில் வைப்பார். முதல் பதினோரு நாள் அந்தக் கோழி காய்ந்துதான் போனது. பன்னிரண்டாம் நாள் படுக்கையறை வாசலில் ஒரு தலை எட்டிப் பார்த்தது. "எனக்குத்தான் முதல்ல கஷ்டமா இருந்தது. மணி அடிச்சா கை தானா கிண்ணத்துக்குப் போகுது" என்கிறார் அம்மா.

இதற்கு நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாயிக்குச் சிங்கப்பூர் ஆற்றைக் காட்ட அழைத்துப் போனார்கள். செவலை வரவில்லை. எம்ஆர்டி ரயிலில் வழிகாட்டி நாய் தவிர வேறு விலங்குகளுக்கு இடமில்லை. ஃபுல்லர்டன் ஹோட்டலை ஒட்டி, கேவனா பாலத்தின் அருகே வெண்கலப் பூனைச் சிலைகள் இருக்கின்றன. தாயும் குட்டிகளுமாகச் சிறிய சிலைகள். குனிந்து பார்க்காவிட்டால் தவறவிட்டுவிடுவோம். 'குச்சிந்தா' என்று பெயர். மலாயில் பூனைக்குக் குச்சிங், அன்புக்குச் சிந்தா. சிங்கப்பூரா என்ற பூனை இனத்தின் சிலைகள் அவை. உலகின் மிகச் சிறிய பூனை இனங்களில் ஒன்று. 1975-ல் ஓர் அமெரிக்கத் தம்பதி, சிங்கப்பூர்த் தெருவில் கிடைத்தவை என்று சொல்லி மூன்று பூனைகளை அமெரிக்கா கொண்டுபோய் அந்த இனத்தை உருவாக்கினார்கள். அந்த மூன்றும் 1974-ல் அமெரிக்காவிலிருந்தே சிங்கப்பூருக்குள் வந்தவை என்று பிற்பாடு பழைய ஆவணங்கள் காட்டிக்கொடுத்தன. ஊர்ப் பெயரைத் தாங்கிய பூனைக்கே தாள்களில் தகராறு. அதே பாலத்தின் முனையில், மாடும் குதிரையும் பாலத்தில் போகக் கூடாது என்கிற பழைய போலீஸ் அறிவிப்புப் பலகை இன்னும் நிற்கிறது. அதைப் படித்துச் சொன்னதும் அப்பாயி கேட்டது, "மாட்டுக்கும் இங்க தடையா?"

அன்றிரவு வீடு திரும்பியபோது கதவுச் சத்தத்துக்குச் செவலை ஓடவில்லை. கூடத்தில் உட்கார்ந்து கொட்டாவி விட்டது.

பிப்ரவரி கடைசியில் தாழ்வாரப் பயணம் தொடங்கியது. இரவு எட்டரை மணிக்கு மேல்தான். பகலில் வெயில், மாலையில் சைக்கிள் ஓட்டும் பிள்ளைகள். வாசலைப் பூனை தானாகத் தாண்ட விடவில்லை. ஹார்னஸை உள்ளேயே மாட்டி, தூக்கிக்கொண்டு போய்த்தான் இறக்கிவிட வேண்டும். கதவு திறந்தால் ஓடலாம் என்று அது கற்றுக்கொண்டால் பிறகு யாரும் கதவைத் திறக்க முடியாது. பின்னாலேயே கூடையைத் திறந்த மேனிக்கு அப்பா தூக்கி வருவார். பயம் வந்தால் ஓடி ஒளிய ஓர் இடம் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும்.

எட்டு வீட்டுத் தாழ்வாரம் ஒரு தெருவைப் போல. முதல் வீட்டில் கறிவேப்பிலைத் தொட்டி. இரண்டாவதில் சிவப்பு நிறத்தில் ஒரு சின்னச் சீனச் சாமி மாடம், ஊதுபத்தி, மூன்று ஆரஞ்சுப் பழங்கள். மூன்றாவது மக்சிக் வீடு. நோன்பு மாதம் நெருங்கியதால் கேட்டில் விளக்குச் சரம் ஏறியிருந்தது. நான்காவதில் சைக்கிள், ஐந்தாவதில் காயும் துணிகள், ஆறாவதில் வெளியே யாருமே வராத பூட்டிய கதவு. முதல் நாள் செவலை கறிவேப்பிலைத் தொட்டிக்குப் பின்னால் இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தது. யாரும் இழுக்கவில்லை. அப்பாயி ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவருக்கும் முழங்கால் வலி. மருத்துவர் தினமும் நடக்கச் சொல்லியிருந்தார், அவரும் கேட்டதில்லை. இப்போது செவலை இரண்டடி வைத்தால் அவரும் இரண்டடி. ஸ்டூல் கூடவே நகரும். அந்த நடையில் அவரைவிட அவசரமில்லாத ஒரே ஆள் செவலைதான்.

ஊதுபத்தி வீட்டைத் தாண்ட ஒரு வாரம். அந்தப் புகையா, ஆன்ட்டி வீட்டு டிவியா, எது பிடிக்கவில்லை என்று தெரியவில்லை. பிறகு ஒருநாள் அதே வேகத்தில் மூன்று வீட்டைக் கடந்து மக்சிக் கேட்டின் முன் போய் உட்கார்ந்தது. வால் நேராக, நுனி மட்டும் வளைந்து கொக்கி போல நின்றது. பூனை சந்தோஷமாக இருக்கிறது என்பதற்கு அதைவிடச் சான்று தேவையில்லை. மக்சிக் உள்ளேயிருந்து பார்த்தார். கேட்டைத் திறக்கவில்லை. தரையில் உட்கார்ந்து கம்பி வழியாக விரலை மட்டும் நீட்டினார். செவலை அந்த விரலில் கன்னத்தைத் தேய்த்தது. அவர் வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

மார்ச் நடுவில் மின்தூக்கி வாசலைத் தொட்டாயிற்று. அது திறந்து மூடும் சத்தத்தைக் கேட்க மட்டும் நான்கு இரவுகள். அந்த மாதக் கடைசியில் அப்பாயியின் விசா முடிந்தது. கிளம்பும் அன்று மணி அடித்தது. டாக்ஸிக்காரர் பெட்டியைத் தூக்க மேலேயே வந்துவிட்டார். எல்லோரும் அப்பாயியின் காலில் விழுவதும் கண்ணைத் துடைப்பதுமாக இருந்தபோது, செவலை நடந்து வந்து அந்த ஆளின் செருப்பை மோந்து பார்த்தது. அம்மா மட்டும் அதைக் கவனித்தார்.

கீழே இறங்கியது ஏப்ரல் முதல் வாரம். கூடைக்குள் வைத்து மின்தூக்கியில் கொண்டுபோனார்கள். ஒன்பது மாடியும் அது கத்தியது. வீவக புளோக்கின் கீழ்த்தளம் சுவர்களே இல்லாத ஒரு கூடம். தூண்கள், சதுரங்கக் கட்டம் போட்ட கல்மேசைகள், அவ்வளவுதான். மலாய்க் கல்யாணப் பந்தியும் அங்கேதான், சீன வீட்டுத் துக்கமும் அங்கேதான். ஆறு வருடத்துக்கு முன் செவலை நனைந்து கிடந்த தூணும் அங்கேதான். மகள் அந்தத் தூணின் பக்கத்தில் கூடையை வைத்துக் கதவைத் திறந்தாள். அதற்கு எந்த ஞாபகமும் வந்ததாகத் தெரியவில்லை. கால் மணி நேரம் கழித்து ஒரு முன்னங்கால் வெளியே வந்தது. பிறகு இன்னொன்று.

பத்தடி தள்ளி ஒரு கறுப்புப் பூனை கல்மேசைமேல் படுத்திருந்தது. காது நுனி வெட்டியிருந்தது. கருத்தடை செய்த தெருப் பூனைக்கு அடையாளம் அது. செவலையைப் பார்த்தது, கயிற்றைப் பார்த்தது, திரும்பிப் படுத்துக்கொண்டது. செவலை தூணை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, தூணோரத்தில் முளைத்திருந்த புல்லைக் கொஞ்சம் தின்றது. தூரத்தில் இடி கேட்டதும் தானாகவே கூடைக்குள் ஏறிவிட்டது.

மொத்தம் ஐந்து நிமிடம். மேலே வந்ததும் மகள் திருவாரூருக்கு வீடியோ காலில் அழைத்தாள்.

"எது வரைக்கும் போச்சு?" என்று கேட்டார் அப்பாயி.

"தூண் வரைக்கும்."

"கயிறு தொய்ஞ்சிருந்துதா?"

"ஒரு தடவை மட்டும் நேராச்சு அப்பாயி."

"யாரு மேல தப்பு?"

மகள் கேமராவைச் செவலை பக்கம் திருப்பினாள். அது ஹார்னஸைக் கழற்றும்வரைகூடப் பொறுக்காமல், வாசல் மிதியடியிலேயே சுருண்டு தூங்கிவிட்டிருந்தது.